பத்தொன்பது புள்ளிகள்

எம்.டி. வர இன்னும் முக்கால் மணி நேரமாகும் என்று கீழே வரவேற்பிலிருந்து போன் வந்தபோது, தமயந்தி இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் தன் லேப்டாப்பைச் சுவரிலிருந்த பெரிய திரையோடு இணைத்துவிட்டு, வயரை மேசைக்கடியில் ஒதுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். ரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில் கூட்டமாம். சரிங்க என்று போனை வைத்தாள். நிமிரும்போது இடது தோள் பிடித்துக்கொண்டது. ஏழு மாதமாக அப்படித்தான். தோள்பட்டை இறுகிப்போயிருக்கிறது என்றார் எலும்பு டாக்டர். நாற்பது தாண்டிய பெண்களுக்கு வருவதுதான், தானாக வந்தது தானாகப் போகும், ஒன்றரை வருஷம் ஆகலாம் என்றார். ஒன்றரை நாள் என்பதுபோல அதைச் சொன்னார். தினமும் காலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு விரல்களாலேயே சுவரில் ஏற வேண்டும், எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும், மறுநாள் அதைத் தாண்ட வேண்டும். படுக்கையறைச் சுவரில் இப்போது ஐம்பது அறுபது கோடுகள் இருக்கும். எதுவும் மேலே போகவில்லை, ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கின்றன. கிடையாகத் தேதி, நெடுக்காக உயரம் என்று அதையும் ஒரு படமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியதும் அவளுக்கே அலுப்பாக இருந்தது. எதைக் கண்டாலும் படம் போடுகிற புத்தி. வீட்டில் யாருமில்லை, அதனால்தான் புத்தி இப்படிப் போகிறது. மகள் சென்னையில் ஹாஸ்டலில். கணவர் ஓசூருக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருஷம். சனிக்கிழமை வருவார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவார். முதுகுப்பக்கம் கொக்கி மாட்டக் கை போகாததால் திங்கள் முதல் வெள்ளி வரை முன்னால் பட்டன் வைத்த சட்டைகள்தான். இன்றும் அதுதான். மோல்டுக்கு ஒப்புதல் வாங்குகிற கூட்டத்துக்குச் சேலை கட்டியிருக்கலாமோ? யார் பார்க்கப்போகிறார்கள், எல்லோரும் திரையைத்தான் பார்ப்பார்கள்.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். திரையில் கோடுகள், முன்னூற்று நாற்பது கோடுகள். விவசாயிகள் முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கிற பேட்டரி ஸ்பிரேயர்தான் இந்தக் கம்பெனி செய்வது. ஒவ்வொரு கோடும் இன்னும் பிறக்காத ஒரு ஸ்பிரேயர். திரையில் ஐந்து தூண்கள் நிற்கும். தொட்டி எத்தனை லிட்டர், மொத்த எடை, பேட்டரி எத்தனை மணி நேரம், தோளில் வார் அழுத்துகிற அழுத்தம், விலை. ஒரு கோடு ஐந்து தூண்களையும் ஏதோ ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு போகும். எந்தத் தூணிலாவது மௌஸை வைத்து இழுத்தால், அந்த அளவுக்குள் வராத கோடுகள் எல்லாம் சாம்பல் நிறமாகிப் பின்னால் போய்விடும். கீழே புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஸ்பிரேயரை உண்மையாகவே சுமந்து நடந்து பார்த்த ஓர் ஆள். ஒரு கோட்டைத் தொட்டால் அந்த இயந்திரத்தைத் தாங்கக்கூடியவர்களின் புள்ளி பச்சையாகும், தாங்க முடியாதவர்களுடையது சிவப்பாகும். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுதான், பதினேழு வருஷ வேலையில் அவளுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல். அதற்கு முன்னால் அவள் அறுபது பக்க அறிக்கைகள் தயாரிப்பாள், அட்டவணை அட்டவணையாக. கூட்டத்தில் யாராவது முதல் பக்கத்தைப் புரட்டுவார்கள், பிறகு டிசைன் பிரிவுத் தலைவர் கிருபாகரன் பேசுவார், அவர் பேச்சை வைத்து முடிவாகும். அவள் அறிக்கைகளின்மேல் டீ டம்ளர் வைத்த வட்டங்கள் இருக்கும். இந்தப் படத்தை முதலில் காட்டிய அன்று எம்.டி. எழுந்து வந்துவிட்டார். சண்முகவடிவேல், எழுபதை நெருங்குகிறவர், கைபேசியில் மெசேஜ் அடிக்கவே ஒரு விரலால் தேடுகிறவர், மௌஸை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு தூணை மேலும் கீழும் இழுத்து இழுத்துப் பார்த்தார். கோடுகள் அணைந்து அணைந்து எரிந்தன. இதப் பாருங்க, லிட்டரக் கூட்டுனா இவங்கெல்லாம் செவந்துபோறாங்க என்று, மோல்டு வெட்டுகிற டூல் ரூம் அந்தோணிசாமியைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து கம்பெனியில் அதற்குத் தமயந்தி படம் என்றே பேர். தமயந்தி படத்துல போட்டுப் பாத்தீங்களா என்று கேன்டீனில்கூடக் கேட்பார்கள். கேட்கும்போது உள்ளே ஏதோ குளிரும். மார்ச்சில் குளிர்ந்தது. ஏப்ரலிலும் குளிர்ந்தது. பிறகு யாராவது கேட்டால் பேச்சை மாற்ற ஆரம்பித்தாள். ஏன் மாற்றினேன்? கூச்சம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டாள்.

ஏ.சி.யை யாரோ பதினெட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குளிர் தோளுக்கு ஆகாது. ரிமோட் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, தேட எழுந்திருக்கவும் மனமில்லை. மௌஸ்மேல் இருந்த கை தானாகவே திரையின் வலது மேல் மூலைக்குப் போனது. சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போகிறதல்லவா, அப்படி. அங்கே சின்ன எழுத்தில், வெளிர் சாம்பலில், யாருக்கும் தொந்தரவு தராத அளவில் இருந்தது அந்த எண். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. ஆறு மாதமாக அங்கேதான் இருக்கிறது. எல்லாக் கூட்டத்திலும், எல்லா அச்சுப் பிரதியிலும், எம்.டி. மேசை நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிற வண்ணத் தாளிலும் இருக்கிறது. மீதிப் பத்தொன்பது பேர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாளா? பக்கவாட்டில் மடித்துவைத்த ஒரு பட்டை இருக்கிறது, அதைத் திறந்தால், யாரைப் படத்தில் சேர்ப்பது யாரை விடுவது என்று சலிக்கிற வடிகட்டிகளின் வரிசை வரும். அதில் மூன்றாவது, ஆளின் உடல் எடை, நாற்பத்தைந்து கிலோவுக்கு மேல். பக்கத்திலேயே வைத்தவர் பெயரும் தேதியும். தமயந்தி, மார்ச் பதினொன்று. மார்ச் பதினொன்று காலை என்ன நடந்தது? மறுநாள் எம்.டி.க்கு முதல் தடவையாகக் காட்ட வேண்டும். படம் அசிங்கமாக இருந்தது. புள்ளிகள் எல்லாம் ஒழுங்காகப் பரவியிருக்க, இந்தப் பத்தொன்பது மட்டும் மேல் விளிம்பில், பேனா மை ஒழுகினாற்போல, ஒரே கறையாக ஒட்டிக்கொண்டிருந்தன. வாரில் தைத்திருந்த அழுத்தமானி அவர்களுக்குக் காட்டியது அதன் உச்ச அளவை. அழுத்தமானி விற்றவனின் குறிப்பில் ஒரு வரி இருந்தது, ஒல்லியானவர்களின் தோளில் பட்டை சமமாக உட்காராது, அளவு நம்பகமாக இருக்காது என்று. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நாளைக்கு மட்டும் இதை எடுத்து வைப்போம், அப்புறம் அந்த அளவுகளைச் சரிபார்த்துத் திரும்பச் சேர்ப்போம் என்று வடிகட்டியை வைத்தாள். கறை போய்விட்டது. படம் அழகாக இருந்தது. மறுநாள் எம்.டி. எழுந்து வந்தார். அப்புறம் என்பது வரவேயில்லை. மறந்தேன். வேலை நெருக்கடி, தோள்வலி, மகளுக்கு அட்மிஷன், மறந்துதான் போனேன். ஆனால் மறந்தவள் ஏன் ஒவ்வொரு கூட்டத்திலும் அந்த மூலையை மறைக்கிற மாதிரி வலதுபக்கமே நின்று பேசினாள்? இடது தோள் வலிப்பதால் வலது கையால் காட்ட வேண்டியிருந்தது, அதனால்தான். திரையைப் பார்த்து நின்று வலது கையால் காட்டுகிறவள் இடதுபக்கம் அல்லவா நிற்க வேண்டும்? சரி, மறக்கவில்லை. மறைத்தேனா? மறைக்கவும் இல்லை, எண் அங்கேதான் இருக்கிறது, கண் இருக்கிற எவரும் பார்க்கலாம். மறந்ததும் இல்லை, மறைத்ததும் இல்லை என்றால் மூன்றாவதாக ஒன்று இருக்க வேண்டுமே, அதற்கு என்ன பேர்? பழைய அட்டவணையாக இருந்திருந்தால் யாராவது ஒருவர், அந்தோணிசாமி மாதிரி ஒருவர், வரி வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்து, ஏம்மா இங்க நம்பர் தாவுதே என்று கேட்டிருப்பார். இந்தப் படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. அதனால் எதையும் தேட வேண்டாம் என்று ஆகிவிட்டது.

தண்ணீர் குடித்தாள். பாட்டில் மூடியை வலது கையாலேயே திறந்து வலது கையாலேயே மூட இந்த ஏழு மாதத்தில் பழகியாயிற்று. அந்தப் பத்தொன்பது பேரில் பதினேழு பேர் பெண்கள். மீதி இரண்டு பேர் வயதான ஆண்கள். எல்லோருடைய முகமும் நினைவில்லை. ஒருத்தி மட்டும் நிற்கிறாள், மற்றவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாற்போல. மாராத்தாள். தொண்டாமுத்தூர் பக்கம், சின்ன வெங்காயக் காடு, ஜனவரிப் பனி இன்னும் வெங்காயத் தாளில் இருந்தது. உள்ளூர் டீலர் நாற்பது பேரை வரச் சொல்லியிருந்தார். எல்லாம் ஸ்பிரேயர் வாங்குகிறவர்கள், தோட்டம் வைத்திருக்கிறவர்கள், பைக்கில் வந்து இறங்கினார்கள். முப்பத்தெட்டு பேர்தான் வந்தார்கள். கணக்குக்கு இரண்டு ஆள் குறைந்ததால் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டார் டீலர். அப்படி வந்தவள்தான். ஐம்பத்திரண்டு வயது என்றாள், தராசில் ஏற்றியபோது முப்பத்தொன்பது கிலோ. பதினாறு லிட்டர் தண்ணீரோடு தொட்டி இருபத்தொரு கிலோ. தமயந்திக்கு அப்போது அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை, டேப்லெட்டில் இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க அவள் கையை நுழைத்தாள். வார் தோளில் நிற்காமல் உள்ளே சரிந்து கழுத்தெலும்புமேல் உட்கார்ந்தது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்து அதனடியில் செருகிக்கொண்டாள். துண்டு இருந்தால் அளவு சரியாக வராது என்று எடுக்கச் சொன்னது யார்? தமயந்திதான். எடுத்துவிட்டாள். எட்டுப் பாத்தி நடந்தாள், நடுவில் நிற்கவில்லை. நடக்கும்போது உடம்பு முன்னால் மடிந்து, தேடிப் பொறுக்குகிறவள்போல தரையைப் பார்த்துக்கொண்டே போனாள். தோளில் வலி என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது, எனக்கு அப்போதுதான் தோள் லேசாகப் பிடிக்க ஆரம்பித்திருந்தது, ராத்திரி ஒருக்களித்துப் படுத்தது என்று நினைத்திருந்தேன். இறக்கிவைத்ததும் வரப்பில் உட்கார்ந்தாள். கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் அகலத்துக்குச் சிவந்த தடம். ஏழாவது கேள்வி கேட்க வேண்டும். சிரமமா இருந்துச்சுங்களா, ஒன்னிலிருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க, ஒன்னுன்னா சிரமமே இல்ல, அஞ்சுன்னா தாங்க முடியல. மாராத்தாள் டேப்லெட்டைப் பார்த்தாள், டீலரைப் பார்த்தாள், பிறகு இவளை.

"நீங்க என்ன போடோணுமோ அதப் போட்டுக்குங்க அம்மணி."

தமயந்தி இரண்டு என்று போட்டாள். ஏன் இரண்டு? ஒன்று போட்டால் பொய்யாகத் தெரியும், மூன்று போட்டால் அடுத்த பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, இன்னும் பதினோரு பேர் காத்திருந்தார்கள். அதனால் இரண்டு. அழுத்தமானி உச்சத்தைக் காட்டியது, ஆள் இரண்டு என்றாள், ஆகவே மானிதான் தவறு. இதைத்தான் விற்றவனின் குறிப்பும் சொன்னது. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்திப்போனது. மானி தவறில்லை என்று ஜூலையில் தெரிந்தது. தெரிந்தது என்றால், யாரும் சொல்லவில்லை, அவளே ஒரு சனிக்கிழமை மதியம் யாரும் இல்லாதபோது டெமோ ஸ்பிரேயரில் பாதி தண்ணீர் நிரப்பி மாட்டிப் பார்த்தாள். தன் ஐம்பத்தெட்டு கிலோவோடு, நன்றாக இருக்கிற வலது தோளில் மட்டும். ஒரு நிமிஷம். கழற்றி வைத்துவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கண்ணாடியில் கழுத்தைப் பார்த்தாள், அதே சிவந்த தடம். பிறகு மேசைக்கு வந்து வடிகட்டியைத் திறந்து, எடுக்கவில்லை. எடுக்காமல் மூடினாள். திங்கட்கிழமை எடுக்கலாம் என்று. ஜூலையில் எத்தனை திங்கட்கிழமை, ஆகஸ்டில் எத்தனை. இன்று புதன்கிழமை. இன்றைக்கு ஒப்புதல் கிடைத்தால் நூற்றுப் பதினெட்டாம் கோடு இயந்திரமாகிவிடும். பதினாறு லிட்டர், இரண்டு வார், நூற்றுத் தொண்ணூற்று மூன்று பேரில் நூற்று எண்பத்தேழு பச்சை. டூல் ரூமில் இரும்புக் கட்டி வந்து இறங்கியாயிற்று, அந்தோணிசாமி நாளை முதல் ஷிப்டில் வெட்ட ஆரம்பித்துவிடுவார். தொட்டியை வார்க்கிற மோல்டை ஒருதரம் வெட்டினால் எட்டு வருஷம் அதேதான். எட்டு வருஷம் எத்தனை கழுத்து? அந்தப் பெருக்கலை அவளால் செய்ய முடியவில்லை. எண்கள் பக்கத்தில் வந்து நின்றன, பெருக மறுத்தன. களைப்பு. உட்கார்ந்திருப்பதே ஒரு சுமையைத் தூக்கி வைத்திருப்பதுபோல இருந்தது. சொல்லிவிட்டால் என்ன ஆகும்? வேலை போகாது. போகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் படத்தை இனி யாரும் நம்ப மாட்டார்கள், அவள் காட்டுகிற எதையும் நம்ப மாட்டார்கள், மறுபடி டீ டம்ளர் வட்டங்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருந்தது. ஒன்றுமே ஆகாது. ஸ்பிரேயர் நன்றாக விற்கும், வாங்குகிறவருக்குத் தோள் வலிக்காது, ஏனென்றால் வாங்குகிறவர் எப்போதும் சுமக்கிறவர் அல்ல. சுமக்கிறவளிடம் யாராவது போய்க் கேட்டாலும், போட வேண்டியதைப் போட்டுக்கொள்ளச் சொல்வாள்.

கதவு திறந்து கிருபாகரன் வந்தார். இரண்டு கையிலும் காபி, ஒன்று அவளுக்கு. ஏ.சி.யைக் குறைத்துவிட்டு, ரிமோட் ஜன்னல் திரைக்குப் பின்னால் இருந்திருக்கிறது, எதிரே உட்கார்ந்தார். நல்ல மனிதர். அவளுடைய படத்துக்காக மேலிடத்தில் வாதாடி மென்பொருள் வாங்கிக்கொடுத்தவர். அடுத்த மாதப் பதவி உயர்வுக்கு அவள் பெயரை எழுதியிருப்பதாகப் போன வாரம்தான் சொன்னார். காபியில் சர்க்கரை குறைவாக இருந்தது. எம்.டி. கார் கேட்டுக்குள் வந்துவிட்டது என்றார். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் பரவாயில்லை என்றாள். இப்போது சொல்லிவிடலாம், இவரிடம் மட்டும், கூட்டத்துக்கு முன்னால், இவர் ஏதாவது வழி வைத்திருப்பார், அடுத்த மாடலில் பார்த்துக்கொள்ளலாம் என்பார், அதைக் கேட்டு நானும் சரி என்பேன். வாயைத் திறந்தாள். சார், இந்த வடிகட்டி, என்று ஆரம்பித்தாள். அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே, நேத்திருந்த மாதிரியே இருக்கட்டும் தமயந்தி, எதையும் மாத்தாதீங்க என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் காபியைக் கீழே வைத்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டது.

எம்.டி. முழங்கையில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரியோடு வந்து உட்கார்ந்தார், பின்னால் அந்தோணிசாமி வரைபடச் சுருளோடு. கிருபாகரன் நான்கு வாக்கியம் பேசினார், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூற்றுப் பதினெட்டைக் காட்டச் சொன்னார். அவள் மௌஸை எடுத்துக்கொண்டு எழுந்து திரைக்கு அருகில் போனாள், வழக்கமான வலதுபக்கம். நூற்றுப் பதினெட்டைத் தொட்டாள். கீழே பச்சை பரவியது. இப்போது பேச வேண்டியது அவள். முடிவு எடுத்தாள் என்று பின்னாளில் அவளால் சொல்லிக்கொள்ள முடியாது. கால் வலித்தது, தோள் வலித்தது, இந்த மூலையை மறைத்துக்கொண்டு இன்னும் ஒரு கூட்டம் நிற்கத் தெம்பில்லை, அவ்வளவுதான். இரண்டடி நகர்ந்து நின்றாள். பிறகு மடித்த பட்டையைத் திறந்து மூன்றாவது வடிகட்டியை எடுத்துவிட்டாள். மூலையில் எண் மாறியது. இருநூற்றுப் பன்னிரண்டில் இருநூற்றுப் பன்னிரண்டு. மேல் விளிம்பில் பத்தொன்பது புள்ளிகள் ஒரே கொத்தாக வந்து உட்கார்ந்தன, பத்தொன்பதும் சிவப்பு. இவர்கள் நாற்பத்தைந்து கிலோவுக்குக் கீழே உள்ளவர்கள், மார்ச் பதினொன்றாம் தேதி நான்தான் எடுத்து வைத்தேன், அளவு தவறு என்று நினைத்தேன், தவறில்லை, அது ஜூலையில் எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்றாள். எழுதி வைத்துப் படித்தாற்போல வரிசையாக வந்தது. அந்தோணிசாமி சுருளை மேசைமேல் வைத்தார். எம்.டி. வெகுநேரம் அந்தக் கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, வழக்கம்போல மௌஸை வாங்கி, லிட்டர் தூணை மெல்லக் கீழே இழுத்தார். பதினைந்து. கொத்து அப்படியே இருந்தது. பதினான்கு. எட்டுப் புள்ளிகள் பச்சையாயின. பதினொன்று மிச்சம். அங்கே நிறுத்தினார். நிறுத்தியதும் அறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது, அவளுக்கும்தான். இது போதும் என்று தோன்றியது. இரும்புக் கட்டி வீணாகாது, மோல்டில் சின்ன மாற்றம்தான், பத்தொன்பதில் எட்டு பேரைக் காப்பாற்றியாயிற்று. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். மாராத்தாளின் புள்ளி எது என்று அவளுக்குத் தெரியும், கொத்தின் இடது ஓரம். அது சிவப்பாகவே இருந்தது.

"பதினாலு வெச்சுக்கலாமுங்களா?" என்றார் எம்.டி.

அவள் வேண்டாம் என்றாள். சொன்ன பிறகுதான் எதற்காக என்று யோசித்தாள், யோசித்ததையெல்லாம் அப்படியே சொன்னாள். இந்தப் பத்தொன்பது பேரை நாம் தேடிப் போகவில்லை, ஒவ்வோர் ஊரிலும் ஆள் குறைந்தபோது தற்செயலாகக் கூப்பிட்டதால் வந்தவர்கள். மற்ற எல்லோரையும் டீலர்கள் அனுப்பினார்கள், டீலர்களுக்கு வாங்குகிறவர்களைத்தான் தெரியும். கூலிக்கு மருந்தடிக்கிறவர்களைத் தேடிப் போயிருந்தால் இந்தக் கொத்து எத்தனை பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இந்தப் படத்துக்கும் தெரியாது. எம்.டி. மௌஸைக் கீழே வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். பிளாஸ்திரியை மெல்ல உரித்துப் பஞ்சைப் பார்த்தார், ரத்தம் நின்றிருந்தது. மோல்டு வேலை மூன்று வாரம் நிற்கட்டும் என்று அந்தோணிசாமியிடம் சொன்னார். கூலியாட்களை வைத்துப் புதிதாக ஒரு சோதனை, டீலர்கள் யாரும் அங்கே வரக்கூடாது, பன்னிரண்டு லிட்டரும் இடுப்பு வாரும் வைத்து ஒரு மாதிரி செய்து கொண்டுபோக வேண்டும். மூன்று வாரம் தள்ளினால் பருவத்தை விட்டுவிடுவோம் என்று கிருபாகரன் மெல்லச் சொன்னதற்கு, விடலாம் என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"இனிமே இந்தப் படத்த நீங்க ஒருத்தரே வெச்சிருக்க வேண்டாமுங்க. இன்னொருத்தரும் கூட உக்காந்து பாக்கட்டும்."

அவள் சரிங்க என்றாள். முகத்தில் சூடு ஏறி நின்றது. எம்.டி.யும் அந்தோணிசாமியும் கீழே போனார்கள். போகும்போது அந்தோணிசாமி திரும்பித் திரையை ஒருமுறை பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. பதவி உயர்வு இனி இல்லை என்பது தெரிந்த விஷயம்போல உள்ளே வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்தது, பெரிதாக வலிக்கவில்லை. அழ வேண்டும்போல இருந்தால் நல்லது என்று நினைத்தாள், அதுவும் இல்லை. வெறும் தூக்கம் வந்தது. வயரைக் கழற்றக் குனிந்தாள். கிருபாகரன் எழுந்திருக்கவில்லை. ஆறிப்போன காபியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள், திட்டட்டும், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டால் சரி. எதையும் மாற்றாதீர்கள் என்றாரே, அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நிமிர்ந்தாள்.

"ஜூன்லயே பாத்தேன்," என்றார். "அந்த நம்பர. பட்டையத் திறந்து யாரு வெச்சதுன்னும் பாத்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் நீங்க சொல்லாம இருந்தா நல்லதுன்னு இருந்தேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தாள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இரண்டு பேர், ஒரே அறையில், ஒரே மூலையைப் பார்க்காமல், ஒருவருக்கொருவர் காபி கொடுத்துக்கொண்டு. கோபம் வரவில்லை. வயரைச் சுருட்டிப் பையில் போட்டாள். திங்கட்கிழமை தொண்டாமுத்தூர் போகிறேன், நீங்களும் வாங்க சார் என்றாள். அவர் தலையசைத்தார். எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

"அஞ்சரைக்குக் காட்டுல இருக்கணும்," என்றாள். "வெயிலுக்கு முன்னாடியே மருந்தடிச்சு முடிச்சுருவாங்க. தொட்டிய நீங்க சுமந்து பாருங்க. நான் கேள்வி கேக்கறேன்."